சிவப்பு ஊர்கள், பச்சை ஊர்கள்

செப்டம்பர் 9, திங்கள்

கல்யாண விடுப்பு முடிந்து இன்று அலுவலகம் போனேன். கையில் மருதாணி இன்னும் முழுசாகப் போகவில்லை. ஜெசிந்தா மேடம் அதைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நிமிடமே வேலையை எடுத்து வைத்துவிட்டார்.

"மாப்பிள்ளை நல்லா இருக்காரா? சந்தோஷம். முப்பத்தொரு கிராமத்து சர்வே முடிஞ்சு உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு. அக்டோபர் எட்டாம் தேதி கலெக்டர் ஆபீஸ்ல கூட்டம். அதுக்குள்ள படமெல்லாம் போட்டு முடிச்சிரணும், தாரணி."

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்துக்குப் புதிதாக ஒரு ஆம்புலன்ஸ் வருகிறது. ஒன்றே ஒன்று. அதைக் கோபி டவுனில் நிறுத்துவதா, மலையடிவாரத்தில் நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். டவுன் என்றால் பைபாஸ் விபத்துகளுக்கு உதவும் என்கிறார்கள் சிலர். அதுவும் நியாயம்தான். எங்கள் தொண்டு நிறுவனத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய், கடைசியாக அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போனபோது எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டு வந்திருக்கிறார்கள். பதில்கள் எல்லாம் எண்களாகக் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்தவுடன் புரிகிற படமாக்குவது என் பாடு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவர் ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே புடவை.

"பச்சை உங்களுக்குப் புடிக்கும்னு சொன்னீங்கல்ல. அதான்."

பிரித்துப் பார்த்தால் நல்ல செங்கல் நிறம். கடைக்காரன் மாற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு "அழகா இருக்குங்க" என்றேன். கல்யாணமாகி மூன்று வாரம்தான் ஆகிறது. ஒரு புடவைக்காகப் பேச்சு எதற்கு?

செப்டம்பர் 11, புதன்

முதல் படத்தை மேடமிடம் காட்டினேன். பெரிய வட்டம், அதில் முப்பத்தொரு துண்டு, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம். நிறம் தேர்ந்தெடுக்கவே அரை நாள் ஆனது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்னம்மா இது, பிறந்த நாள் கேக்கா?"

"இல்ல மேடம், ஒவ்வொரு ஊரோட..."

"இதுல எந்த ஊர்க்காரங்க ரொம்பக் கஷ்டப்படறாங்க? எனக்குத் தெரியல. கலெக்டருக்கு ஒரு காகிதத்துக்கு அரை நிமிஷம்கூட இருக்காது. அவர் ஓரத்துல இருக்கற குறிப்பையும் படத்தையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டா இருப்பாரு?"

வட்டம் குப்பைக்குப் போனது. கொஞ்சம் அழுகை வந்தது. வரவில்லை என்றும் எழுதலாம்.

செப்டம்பர் 14, சனி

இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். அவர், நான், அத்தை. மாமனார் போய் ஆறு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் எடைமேடை பார்க்கிறார். கரும்பு லாரி வந்து நின்றால் எடை குறித்துச் சீட்டுக் கொடுக்கும் வேலை. அதிகம் பேச மாட்டார். எதைக் கேட்டாலும் "நல்லாத்தானுங்க இருக்குது." சாம்பாரும் நல்லாத்தான் இருக்குது, என் சுடிதாரும் நல்லாத்தான் இருக்குது. என்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுகிறார். அலுவலகத்தில் ஒருத்தி கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கென்ன, மரியாதைதானே.

தினமும் ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்கிறார். அவருக்கு ஆலை விடுவது ஐந்து மணிக்கு. வழியில் வேலை இருந்தது என்கிறார். தினமும் என்ன வேலையோ.

செப்டம்பர் 15, ஞாயிறு

காய்கறி வாங்க அவர் போனார். ஒரு கிலோ தக்காளி, அத்தனையும் காய். அத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய்ப் பருப்போடு போட்டுக் கூட்டு வைத்துவிட்டார். "இனிமே காய் வாங்க நான் போறேன் கண்ணு. அவனுக்கு வெயில் ஆகாது" என்றார். நாளெல்லாம் கரும்பு லாரி நடுவில் நிற்கிறவருக்கு வெயில் ஆகாதாம். மகன் மேல் இத்தனை செல்லம்.

கூட்டு நன்றாகவே இருந்தது.

செப்டம்பர் 18, புதன்

புது யோசனை. வட்டம் வேண்டாம், வரைபடம். அடிவாரத்திலிருந்து டவுன் வரை எல்லா ஊரும் அதில் இருக்கும். அரை மணிக்குள் ஆஸ்பத்திரி போகிற ஊருக்குப் பச்சைப் புள்ளி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற ஊருக்குச் சிவப்புப் புள்ளி, நடுவில் இருப்பதற்கு மஞ்சள். போக்குவரத்து விளக்கு மாதிரி. யாருக்குப் புரியாது?

மேடம், "இது பரவாயில்ல" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

செப்டம்பர் 20, வெள்ளி

தொட்டிமடுவு என்கிற ஊருக்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. பதிவு செய்தவர்கள் தவறாகப் போட்டிருப்பார்களோ என்று சந்தேகம். மேடம் நேற்றே, "போய்ப் பாத்துட்டு வா" என்றார். காலை பஸ்ஸில் போய், கடைசி மூன்று கிலோமீட்டர் நடந்தேன்.

ரங்கம்மா என்கிற அம்மாள் வீட்டில் கேட்டேன். "ரெண்டு மணி நேரம்னு சொல்லியிருக்கீங்களேங்க, சரிதானா?"

"தப்புத்தான் தாயி. ரெண்டேகாலு ஆயிருக்கும். வழியில ஆனை நின்னுச்சு. அது போற வரைக்கும் ஜீப்ப நிறுத்திப் போட்டாங்க. எம்பட மருமவளுக்கு அங்கயே பொறந்துருச்சு."

"அப்புறம்?"

"அப்பறம் என்ன. பாரு, நிக்குறான்."

வாசலில் ஒரு பொடியன் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். அவர்கள் வீட்டு மருமகள் உள்ளேயிருந்து சிரித்தாள். ரத்தப்போக்கு நிற்காமல் அவள் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாளாம். பக்கத்து வீட்டில் இன்னொரு பெண்ணுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை என்று ரங்கம்மா மெதுவான குரலில் சொன்னார். எண் சரிதான். தவறு இருந்தால் குறைத்துச் சொன்ன தவறு.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு முடிவு. இந்தப் படத்தை யாருக்கும் புரியாமல் விட முடியாது.

செப்டம்பர் 21, சனி

நேற்று பார்த்ததை எல்லாம் அவரிடம் சொல்லத் தோன்றியது. ஏன் அவரிடம் என்று தெரியவில்லை. காப்பி குடித்ததும் லேப்டாப்பைத் திறந்து வரைபடத்தைக் காட்டினேன். நாலு நாள் முதுகு வலிக்கச் செய்த வேலை.

"நல்லாத்தானுங்க இருக்குது."

"அதில்லைங்க. பாத்தவுடனே உங்களுக்கு என்ன தோணுது? ஆம்புலன்ஸ எங்க நிறுத்தலாம்?"

கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து பார்த்தார். பிறகு விரலை வைத்தார், டவுனை ஒட்டிய மூன்று ஊர்கள் மேல். பளிச்சென்று பச்சையாக இருக்கிற ஊர்கள்.

"இங்கங்களா?"

லேப்டாப்பை மூடிவிட்டேன். நாலு நாள் ஒருத்தி உயிரைக் கொடுத்துச் செய்ததை ஒழுங்காகப் பார்க்கக்கூட மனசில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். அம்மாவுக்கு போன் போட எடுத்தேன். என்ன சொல்வது? மாப்பிள்ளை படம் பார்க்கவில்லை என்றா? வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் விரித்து, ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை ஊர் என்று சரிபார்க்க வேண்டும். அவர் அந்தப் பக்கம் வந்தார். நேற்றைய கோபம் எனக்குப் போகவில்லை, ஆனாலும் உதவி தேவைப்பட்டது.

"செவப்பா இருக்கற ஊர்ப் பேரெல்லாம் படிங்க, நான் எழுதிக்கறேன்."

நின்றார். பிறகு ஆரம்பித்தார். "கருமலைப்புதூர்... ஓடைக்காட்டூர்..." கருமலைப்புதூர் சிவப்பு. ஓடைக்காட்டூர் பச்சை. அடுத்ததும் பச்சை. அடுத்தது சிவப்பு. எனக்குப் பொறுக்கவில்லை.

"வெளையாடாதீங்க. இது எனக்கு வேலை. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமல் எழுந்து நிற்கிற பையன் முகம் மாதிரி இருந்தது. வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். வண்டியை அவர் நேற்றுத்தான் துடைத்தார்.

அப்போது சமையலறையிலிருந்து அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எதிரே உட்கார்ந்து, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவனக் கேக்காத கண்ணு. செவப்பு நான் படிச்சுச் சொல்றேன்."

அத்தை படித்தது ஐந்தாவது வரைதான். எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, "தொட்-டி-ம-டு-வு" என்று படித்தார். ஒரு சிவப்பு ஊரைக்கூடத் தவறவிடவில்லை. கடைசி ஊர் வரை படித்து முடித்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை.

செங்கல் நிறப் புடவை, தக்காளிக் காய், பச்சை ஊர் மேல் வைத்த விரல். எல்லாம் ஒன்றாக வந்து நின்றது.

"அத்தை, அவருக்கு..."

"பொறவியிலயே அப்புடித்தான் கண்ணு. வேற ஒரு கொறையுமில்ல."

செப்டம்பர் 23, திங்கள்

இன்று பஸ் ஸ்டாண்டில் அவர் நின்றார். நான் வேறு பஸ் பிடித்து ஊர் முனையில் இறங்கி நடந்தே வந்தேன். பத்து நிமிடம் கழித்து அவர் வந்தார்.

கோபம் சிவப்பு பச்சைக்கு இல்லை. பெண் பார்க்க வந்த அன்று தனியாகப் பேசச் சொன்னார்களே, மாடியில் அரை மணி நேரம். கரும்பு எடை போடுவது பற்றி எவ்வளவோ சொன்னார். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

செப்டம்பர் 25, புதன்

நானே கேட்டேன். வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி.

அவர் வண்டியை ஓரம் கட்டி ஸ்டாண்டு போட்டார். பிறகு சொன்னார், நிறுத்தாமல், சேர்த்து வைத்திருந்த மாதிரி.

"ரயில்வே பரீட்சை பாஸ் பண்ணேனுங்க. மெடிக்கல்ல புள்ளி புள்ளியா ஒரு புஸ்தகம் காட்டுனாங்க. அதுல நம்பர் இருக்குதாம். எனக்கு ஒண்ணுமே தெரியல. வெறும் புள்ளிதான். அதுவரைக்கும் எனக்கே முழுசாத் தெரியாதுங்க, நான் கவனிக்காம இருக்கறேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். வேலை போச்சு. ஊருல, 'பூபதிக்குக் கண்ணுல ஏதோ கோளாறு'ன்னு ஆயிருச்சு, என்னன்னு நாங்க யாருக்கும் சொல்லல. ரெண்டு எடத்துல பொண்ணு பாத்து, அப்பறம் வேண்டாம்னுட்டாங்க. மூணாவது நீங்க."

"அதனால சொல்லல" என்றேன்.

"மாடியில சொல்லத்தான் வந்தேன். நீங்க கலர், படம்னு உங்க வேலையப் பத்தி அவ்வளவு ஆசையாப் பேசுனீங்க. இவிங்களும் வேண்டாம்னு சொல்லிருவாங்களேன்னு இருந்துச்சு."

பிறகு அவரே, "தப்புத்தானுங்க" என்றார்.

"அன்னைக்கு மேப்பக் காட்டுனப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"அது... அதுக்கு முந்தியே ரெண்டு நாளா நீங்க இல்லாதப்ப லேப்டாப்பத் திறந்து பாத்தேனுங்க. எப்படியாவது புரிஞ்சுக்கிட்டு எதாவது சொல்லலாம்னு. நல்லாருக்குன்னே எத்தன நாளைக்குச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வருவது எவ்வளவு எரிச்சல். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பார்த்திருக்க மாட்டார்.

செப்டம்பர் 26, வியாழன்

மேடமிடம் கேட்டேன். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத ஆண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று எங்கோ படித்ததாகச் சொன்னார். நம் பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறையலாம். எப்படியானாலும், கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தால் அதில் ஒருவருக்கோ இருவருக்கோ என் வரைபடம் வெறும் புள்ளிதான்.

"யாருக்கும்மா?" என்று கேட்டார் மேடம்.

"தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு" என்றேன். சொன்ன பிறகு, அந்தச் சொல் எனக்கே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

அவர் ஆலைக்குப் போயிருந்தார். ஞாயிறும் லாரி வருகிறது. அத்தை மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். இரண்டு மூன்று நாளாக நான் இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இது அம்மா வழியாக மகனுக்கு வருவது. அதைப் பற்றி அத்தையிடம் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று நினைத்திருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"ரயில்வே ஆஸ்பத்திரியில டாக்டரு நல்ல மனுசன். இது அம்மா வழியில வர்றதுன்னு படம் போட்டுக் காட்டுனாரு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். பூபதி என்னத் திரும்பிப் பாக்கவே இல்ல. நான் சங்கடப்படுவேன்னு."

"அத்தை..."

"எங்கப்பனுக்கும் இருந்துச்சு. தக்காளிக் காட்டுல காயி எது பழம் எதுன்னு தெரியாது. தொட்டு அமுக்கிப் பாத்துத்தான் பறிப்பாரு. ஊரே சிரிக்கும். நானும் சிரிச்சிருக்கேன். அது எங்கூடவே வந்து எம்பட பையன் வேலையத் தின்னுருச்சு." மிளகாயைக் கீழே வைத்தார். "உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு அவன்கிட்டச் சொன்னது நான்தான் கண்ணு. கோவிச்சுக்கறதுன்னா என்னக் கோவிச்சுக்க."

எனக்கு எரிச்சல் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. நாளைக்கு எனக்கொரு மகள் பிறந்தால் அவளும் இதைச் சுமந்துகொண்டுதான் வருவாள். அவளுக்குப் பார்வை சரியாக இருக்கும். அவள் பிள்ளைக்கு இல்லாமல் போகலாம். அப்போது, இன்று அத்தை உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். யாராவது அவளைக் குற்றம் சொன்னால் நான் சும்மா இருப்பேனா?

இதையெல்லாம் சொல்லத் தெரியவில்லை. "மொளகா கிள்ளுன கையோட கண்ணத் தொடைக்காதீங்க அத்தை, எரியும்" என்றேன். முந்தானையால் நானே துடைத்துவிட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

வரைபடத்தையும் தூக்கிப் போட்டாகிவிட்டது. மேடம் கூட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினார். தெரியும்.

சாப்பாட்டு மேசையில் அவரையும் உட்கார வைத்தேன். இனிமேல் எல்லாப் படமும் அவர் பார்த்த பிறகுதான் மேடத்துக்கு. அவருக்கு முதலில் கூச்சம்.

"எனக்கு என்னங்க தெரியும் இதப் பத்தி?"

"உங்களுக்குத் தெரியலைன்னா படம் சரியில்லைன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பட்டை. ஆகிற நேரம் எவ்வளவோ, பட்டை அவ்வளவு நீளம். அகர வரிசையில் அடுக்கியிருந்தேன். நீளமும் குட்டையுமாகப் பல் விழுந்த சீப்பு மாதிரி இருந்தது.

"இது புரியுதுங்க. ஆனா பெருசு எது, அதுக்கடுத்தது எதுன்னு தேட வேண்டியிருக்குது" என்றார்.

நீளத்தின்படி வரிசை மாற்றினேன். தொட்டிமடுவு மேலே போய் நின்றது. கோபி அடியில்.

"ஆங்" என்றார். நல்லாத்தான் இருக்குது என்று சொல்லவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

இன்று எங்களுக்குள் சண்டை. எனக்கு எல்லாப் பட்டைக்கும் நிறம் வேண்டும். அவர் வேண்டாம் என்கிறார்.

"ஏனுங்க, எல்லாத்துக்கும் கலரடிச்சா எதப் பாக்கறது? ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகற ஊரு மட்டும் கருப்பா இருக்கட்டும். மத்ததெல்லாம் வெளிறிப் போயிருக்கட்டும்."

"கலரே இல்லாம எப்படிங்க? சாவு வீட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கும்."

"எனக்கு உலகமே அப்புடித்தானுங்க, பாதி இருக்குது. நல்லாத்தான் இருக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கருநீலம் ஒன்று மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று பேரம் பேசினேன். நீலம் அவருக்கு நன்றாகத் தெரியுமாம். எனக்கு அது தெரியாது. என் கல்யாணப் பேச்சுக்கு முந்தின நாள் நீலப் புடவையில் எடுத்த போட்டோதான் அவருக்கு அனுப்பினார்கள். "அந்தப் போட்டோவுல நீ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். முதல் தடவையாக 'நீ' என்றார். நான் கவனிக்காத மாதிரி பட்டைகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அக்டோபர் 5, சனி

ஊர்ப் பெயரை அந்தந்தப் பட்டையின் முனையிலேயே எழுதியாகிவிட்டது. ஓரத்தில் குறிப்பு இல்லை, அம்புக்குறி இல்லை. தலைப்புக்கு "கிராமவாரியாக மருத்துவமனை செல்லும் கால அளவு" என்று போட்டிருந்தேன். அத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது என்ன சொல்ல வருது?" என்று கேட்டார். உண்மையில் அது ஒன்றும் சொல்லவில்லை.

மாற்றினேன். "அடிவாரத்தில் எட்டு ஊர்களுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது."

"இப்பத் தெரியுது" என்றார் அத்தை.

அக்டோபர் 8, செவ்வாய்

கூட்டம். மேடம் என்னையே பேசச் சொன்னார். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்து, "பொறுமையாப் பேசு" என்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

எல்லோருக்கும் தாள் கொடுத்திருந்தார்கள். கையில் வாங்கிப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கருப்பு வெள்ளை ஜெராக்ஸ். இத்தனை பேருக்குக் கலரில் எடுக்க முடியாது, நியாயம்தான். பைபாஸ் விபத்துகளுக்காக டவுனில் கேட்டவர்கள் கலர் கலராகப் போட்டிருந்த வட்டம் முழுக்கச் சாம்பலாக இருந்தது. பாவம், அந்த அதிகாரி ஒவ்வொரு துண்டாக வாயால் விளக்கிக்கொண்டிருந்தார். என் பழைய வரைபடம் வந்திருந்தால் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். எங்கள் தாளில் கருநீலம் கருப்பாகியிருந்தது. மற்றபடி ஒன்றும் மாறவில்லை.

கலெக்டர் தாளைப் புரட்டினார். நான் பேசவே ஆரம்பிக்கவில்லை. மேல் பட்டையில் பேனாவை வைத்தார்.

"இந்த ஊருக்கு மட்டும் ஏன் இவ்வளவு நீளம்?"

நான் சொல்ல நினைத்திருந்த முன்னுரை எல்லாம் போயிற்று. ரங்கம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஜீப், யானை, வழியிலேயே பிறந்த பிள்ளை, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றியும். அறையில் யாரும் தாளைப் புரட்டவில்லை. விபத்துப் படம் காட்டிய அதிகாரியே, "அங்க ரோடு அப்படித்தான் சார், நான் போயிருக்கேன்" என்றார்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். முடிவு: ஆறு மாதத்துக்கு ஆம்புலன்ஸ் அடிவாரத்தில் நிற்கும். அதன் பிறகு மறுபடி கணக்கெடுக்க வேண்டும், அப்போது பட்டைகள் குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பாதி வெற்றி. மேடம் வராண்டாவில் என் தோளைத் தட்டி, "இத யாரு கிட்டக் காட்டிக் காட்டித் திருத்தின?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரர்கிட்ட மேடம்."

பஸ் ஸ்டாண்டில் அவர் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அங்கேயே, பஸ்களுக்கு நடுவில், கூட்டத்தில் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கலெக்டர் பேனா வைத்த இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

அக்டோபர் 12, சனி

அம்மா போனில் கேட்டாள், மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று. "நல்லாத்தான் இருக்காரு" என்றேன். கண் விஷயத்தையும் சொன்னேன். "இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்றாள்.

"நான் கேக்கலைம்மா" என்றேன். அது முழு உண்மை இல்லை. ஆனாலும் சொன்னேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

அவருடைய சித்தப்பா மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்க ஈரோட்டுக்கு எல்லோரும் போனோம். பதினோரு பேர், ஒரு வேன். இந்த மாதிரி ஜவுளி எடுக்கிற நாளில் அவருக்கு எப்போதும் ஆலையில் வேலை இருக்குமாம். இந்தத் தடவை தானே வேனில் ஏறி உட்கார்ந்தார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடையில் ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்துப் புடவையைக் கொட்டிவிட்டார்கள். கடைசியில் இரண்டில் வந்து நின்றது. ஒன்று இலைப்பச்சை, ஒன்று குங்குமச் சிவப்பு. பெண் ஒன்றைச் சொல்ல, அவள் அம்மா மற்றதைச் சொல்ல, அரை மணி நேரம் போயிற்று. சித்தப்பா சலித்துப்போய் இரண்டையும் தூக்கி அவர் மடியில் போட்டார்.

"பூபதி, நீ சொல்றா. பச்சையா, செவப்பா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"சித்தப்பா, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. பொறந்ததுல இருந்தே அப்புடித்தான். சரிகை நல்லாருக்குது, அதுமட்டும் சொல்ல முடியும். கலரு தாரணியக் கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பெண்டாட்டியைக் கேட்டுத்தான் பேசுவான் போலிருக்கிறது என்று யாரோ கேலி செய்தார்கள். அவரும் லேசாகச் சிரித்தார். வேடிக்கையாகவே போயிருக்கும். அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

அத்தை பேசினார். உரக்கக்கூட இல்லை.

"அவன் வெளையாடல. நெசமாத்தான் சொல்றான். ரயில்வே வேலை அதுலதான் போச்சு. எங்கப்பனுக்கும் அப்புடித்தான். எம்பட வழியில வந்தது அது."

சிரிப்பு நின்றுவிட்டது. புடவை காட்டிக்கொண்டிருந்த கடைப் பெண்கூடக் கையை நிறுத்தினாள். கல்யாணப் பெண்தான், சின்னவள், சட்டென்று கேட்டாள்.

"அப்ப அண்ணா, என்ன நீ எந்தக் கலர்ல பாக்கற?"

"உன்னய எந்தக் கலர்ல பாத்தாலும் நீ கழுதைதான்" என்றார் அவர்.

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை வேறு மாதிரி. சித்தி, "அப்ப தாரணி, நீ சொல்லு கண்ணு" என்று இரண்டு புடவையையும் என் பக்கம் தள்ளினார். பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, சிவப்பைச் சொன்னேன். அதையே எடுத்தார்கள்.

இறங்கும்போது மாடிப்படியில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாக. கீழே வந்து சேர்ந்த பிறகும், சாலையைக் கடந்து வேனில் ஏறும் வரையிலும் விடவில்லை. ஏனென்று கேட்காமலேயே, "மூட்டு வலி கண்ணு" என்றார்.

அத்தைக்கு மூட்டு வலி கிடையாது.